பெயர் கேட்காத வங்கி

கல்கத்தாவில் புதிதாக வந்து இறங்கும் மதராஸிக்கு அந்தக் காலத்தில் பவானிப்பூரில் நாங்கள் மூன்று விஷயங்களைச் சொல்லிக் கொடுப்போம். பச்சரிசி எங்கே கிடைக்கும், கடுகெண்ணெய் வாசனையோடு எப்போது சமாதானமாகலாம், சம்பளத்தை எந்த வங்கியில் போடலாம். முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். மூன்றாவதற்கு என்னிடம் அனுப்பிவிடுவார்கள். நான் சர்க்கார் கணக்கு ஆபீசில் இருந்தேன். விதி என்று எதை அச்சடித்திருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடும் வியாதி எனக்கு உண்டு. பென்ஷன் வாங்கிக்கொண்டு பெஹாலாவில் உட்கார்ந்திருக்கும் இந்த வயதிலும் அது குணமாகவில்லை.

தபாலாபீஸ் சேமிப்பில் பணம் பத்திரமாக இருக்கும். ஆனால் வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். டல்ஹௌசி சதுக்கத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களின் பெரிய வங்கி ஒன்று இருந்தது. வாசலில் யானைக்கால் தடிமனில் தூண்கள். அங்கே கணக்குத் தொடங்க நம்மைத் தெரிந்த துரை ஒருவர் கடிதம் கொடுக்க வேண்டும். நம் காசை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளவே சிபாரிசு கேட்கும் இடம் என்பதால் அதற்குத் தனி மதிப்பு. பிறகு சுதேசி மும்முரத்தில் வங்காளிகள் ஆரம்பித்த புது வங்கிகள் வந்தன. எங்கள் தெருவுக்கு அருகிலேயே ஒன்று, மருந்துக் கடைக்கு மேலே மாடியில். யார் போனாலும் வணக்கம் சொல்லி உட்காரவைப்பார்கள். வட்டியும் கூடுதல்.

எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேகன் கணக்குப் பார்த்தவர். மனைவி, ஒரே பெண் குழந்தை. அவர் வங்கி தேடியபோது வழக்கம்போல என்னிடம் வந்தார். விதிகளைச் சொன்னேன். பெரிய வங்கியில் மனைவி பேரையும் சேர்த்துக் கணக்கு வைக்கலாம். ஆனால் தமிழ்க் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. ஆகவே அந்த அம்மாள் பெருவிரல் ரேகைதான் வைக்க வேண்டும். ரேகை என்றால் ஒவ்வொரு தடவையும் நேரில் வந்து வைக்க வேண்டும். மாடி வங்கியில் அந்தச் சங்கடம் இல்லை. வெளியே வராத வீட்டுப் பெண்களுக்காக அவர்கள் ஒரு குமாஸ்தாவை மைப்பெட்டியோடு வீட்டுக்கே அனுப்பினார்கள். வங்காளிக்குத் தன் வீட்டு மருமகள்களைத் தெரியும்.

"கௌண்டர்லே, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவிலே அவளை நிறுத்தவா ஓய் நான் சம்பாதிக்கிறேன்?" என்றார் அவர்.

"அப்படியானால் மாடி வங்கி."

"அதுக்கு ஒரு தூண்கூட இல்லையே. வாடகைக்கு இருக்கிறவன்கிட்டே வாடகைக்கு இருக்கிறவன் பணத்தைக் கொடுக்கறதா?"

கடைசியில் தூண்களையே தேர்ந்தெடுத்தார், தன் பேரில் மட்டும். உமக்கு ஏதாவது ஆனால் என்று நான் கேட்டதற்கு, ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். யார் பார்த்துக்கொள்வது என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஒரு கோடையில் யார்டுப் பக்கம் காலரா வந்தது. காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு வேலைக்குப் போனவரை இருட்டுவதற்குள் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த ராத்திரி தாண்டவில்லை.

தந்தி கிடைத்து அவருடைய அண்ணா ஊரிலிருந்து வந்தார். பிள்ளை இல்லாத தம்பிக்குக் காரியங்களை அவர்தான் செய்தார், குறைவில்லாமல். பதிமூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து இலை எடுப்பதற்குள் வங்கிப் பேச்சை எடுத்துவிட்டார். அவர் வாதம் சுருக்கமானது. தம்பியை இங்கிலீஷ் படிக்கவைத்தது குடும்ப நிலம். ஆகவே படிப்பு குடும்பத்தினுடையது; படிப்பால் வந்த சம்பளமும் குடும்பத்தினுடையது. அண்ணா இருக்கும்போது அதில் மனைவிக்கு என்ன பாத்தியதை? சாப்பாடு போட்டு வைத்துக்கொள்ளத் தான் தயார். பெண் குழந்தைக்கும் இடம் பார்த்தாயிற்று. தன் மைத்துனன், போன வருஷம்தான் பெண்டாட்டி போனாள், நாற்பதுகூட ஆகவில்லை.

அந்தக் குழந்தைக்கு அப்போது பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது.

இது வெறும் அடாவடி இல்லை என்பதுதான் விசேஷம். அன்றைய சட்டத்தில் அந்த வாதத்துக்கு இடம் இருந்தது. பக்கத்து வீட்டு வங்காளி இறந்திருந்தால் அவர் மனைவியின் கதை வேறாக இருந்திருக்கும். அவர்களுக்கு வேறு சட்டம்; பிள்ளை இல்லாதவன் சொத்து அங்கே விதவைக்குப் போகும். நாம் ஊர் விட்டு ஊர் போனாலும் சட்டம் மட்டும் படுக்கைச் சுருளோடு கூடவே வந்துவிடும்.

கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரைக்கும் அந்த அம்மாளுக்குச் சாப்பாடு மைத்துனர், அதாவது புருஷனின் அண்ணா, வீட்டில்தான். ஒரே ஒரு வழி இருந்தது. கணக்கில் இருப்பது சிறு தொகை என்றால், கோர்ட் சான்று கேட்காமல் விதவையிடமே கொடுத்துவிட வங்கி ஏஜெண்டுக்கு, அதாவது அங்கே மானேஜராக இருப்பவருக்கு, அதிகாரம் உண்டு. இரண்டு பேர் ஜாமீன் எழுதிக் கொடுக்க வேண்டும். விதவை அவர் முன்னால் நேரில் நின்று, தான் யார், இறந்தவர் யார் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். இந்த விதியை நான் அந்த அம்மாளிடம் கதவுக்கு இப்பால் நின்று விளக்கினேன். வருஷம் முடியாமல் வாசல்படி தாண்டுவதா என்று எங்கள் தெருத் தமிழ் வீடுகளில் முணுமுணுத்தார்கள். அவள் தாண்டினாள். அடுத்த வீட்டு போதி, அதாவது நாங்கள் அண்ணி என்ற முறையில் அழைத்த வங்காளி அம்மாள், வண்டியில் துணைக்கு வந்தாள்.

எப்படியோ விஷயம் தெரிந்து மைத்துனரும் வங்கிக்கு வந்து ஓரமாக நின்றார்.

ஏஜெண்ட் துரை மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. என்னை மொழிபெயர்ப்பாளனாக ஏற்றுக்கொண்டு, கேள்வியைக் கொண்டுபோகலாம், பதிலைக் கொண்டுவரலாம், நீயாக எதையும் சேர்க்கக் கூடாது என்றார். ஊர் எது, கல்யாணம் எங்கே நடந்தது, குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தாழ்ந்த குரலில் பதில் வந்தது. பிறகு, கணக்கு வைத்திருந்தவர் பெயர் என்ன என்று கேட்டார்.

பதில் வரவில்லை.

நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும். குழந்தையின் அப்பா என்பார்கள், ஆபீஸ்காரர் என்பார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் அவர் என்று மோட்டுவளையைக் காட்டுவார்கள். இதை நான் ஏஜெண்டுக்குச் சொல்லப்போனேன். கேள்வியை மட்டும் கொண்டுபோ என்றார். பக்கத்தில் நின்ற வங்காளித் தலைமைக் குமாஸ்தா, எங்கள் வீடுகளிலும் இதே வழக்கம்தான் என்று எடுத்துச் சொன்னார். எழுதிக் காட்டட்டுமே என்றார். எழுதலாம், ஆனால் தமிழில். அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் மைத்துனரும்தான்; நான் அவள் பக்கம், அவர் எதிர்ப்பக்கம், இரண்டு பேர் படிப்பும் ஏஜெண்டிடம் செல்லாது. குழந்தை சொல்லலாமா என்றேன். மைனர் வாக்குமூலம் செல்லாது. அதுவும் எனக்குத் தெரிந்த விதிதான், தெரிந்தே கேட்டேன்.

ஏஜெண்ட் பேனாவை மூடினார். தனக்கு அந்த வழக்கம் புரிகிறது, ஆனால் வாய் திறந்து சொல்லாதவருக்குப் பணம் கொடுக்கத் தன் விதியில் இடமில்லை, கோர்ட்டுக்குப் போகட்டும் என்றார். மைத்துனர் ஓரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார்.

அப்போது அவள் சொன்னாள். ஊர்ப் பெயர், மாமனார் பெயர், புருஷன் பெயர், மூன்றையும் சேர்த்து, சர்க்கார் காகிதத்தில் இருப்பதுபோல முழுசாக. சொல்லி முடித்ததும் வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

"பேஷாச் சொல்லலாம்," என்றார் மைத்துனர் தமிழில், என்னைப் பார்த்து. "குறையறதுக்கு இனிமே அவனுக்கு ஆயுசு எங்கே இருக்கு?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பணம் வந்தது. திரும்பும் வழியெல்லாம் போதி அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் போனதும் அந்த அம்மாள் கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள், சாவு வீட்டிலிருந்து வந்தவள்போல. மைத்துனர் அடுத்த வண்டியில் ஊருக்குப் போனார். கலியாணப் பேச்சு நின்றது. குழந்தையைப் பக்கத்திலிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அது வங்காளிப் பாட்டுகளாகப் பாட ஆரம்பித்தது.

பணத்தை எங்கே போடுவது என்று அவள் என்னைக் கேட்டது அதற்குப் பிறகு. கேட்டாள் என்பது மரியாதைக்கு; முன்பே முடிவு செய்திருந்தாள். மாடி வங்கியின் வருஷ அறிக்கையை நான் படித்திருந்தேன். தேசபக்தி பக்கம் பக்கமாக இருந்தது. கையிருப்பைத் தேட வேண்டியிருந்தது. கடன் வாங்கியிருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வங்கியின் டைரக்டர்கள். இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். பணம் பெரிய வங்கியிலேயே அவள் பேரில் கிடக்கட்டும், கூடவே நான் வருகிறேன் என்றேன். கதவுக்குப் பின்னால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, மாடி பாங்கிலே வீட்டுக்கே வந்து ரேகை வாங்கிண்டு போறாளாமே. அந்தப் பேரை அங்கே யாரும் என்னைச் சொல்லச் சொல்ல மாட்டாளே?"

"சொல்லச் சொல்ல மாட்டார்கள்," என்றேன்.

"அது போறும்."

இதற்கு எதிராக என்னிடம் விதி எதுவும் இல்லை.

மாடி வங்கிக் குமாஸ்தா மாதம் பிறந்தால் குடையும் மைப்பெட்டியுமாக வந்தார். வயதானவர். அவளை மா என்றுதான் கூப்பிடுவார். போதி சாட்சி. வேண்டிய பணத்தைக் கையில் கொடுத்து, ரேகையை வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். வீட்டு வாடகை தவறவில்லை. குழந்தை மேல் வகுப்புக்குப் போனது. சில வருஷங்கள் இப்படியே போயின. கணவர் தேடிக்கொண்டிருந்த வங்கி இதுதானோ என்று எனக்கே சில சமயம் தோன்றியது.

ஒரு மாதம் குமாஸ்தா வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று விசாரிக்கப் போனேன். மருந்துக் கடைக்குப் பக்கத்து மாடிப்படிக் கதவில் பூட்டுத் தொங்கியது. தெருவில் ஒரு கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கூட்டத்தில் குடையோடு அவரும் நின்றார். அவர் பணமும் அங்கேதான் இருந்தது.

வங்கி முழுகினால் கோர்ட் ஓர் அதிகாரியை நியமிக்கும். பணம் போட்டவர்கள் அவர் முன்னால் வந்து கோரிக்கை வைக்க வேண்டும். அனேகமாக எல்லாரும் நேரில். முன்பு வீட்டுக்கு வந்த மைப்பெட்டி இப்போது ஒரு கொட்டகையில் மேஜைமேல் இருந்தது. வெளியே வராத பெண்கள் வெயிலில் முக்காட்டோடு வரிசையில் நின்றார்கள். கணவர் பெயர் என்ன என்று மேஜைக்காரர் வங்காளியில் கேட்பதும், அந்தப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வதும், கூட வந்த பிள்ளையோ மைத்துனனோ சொல்வதும் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் முறை வந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள், அவர் கேட்டு முடிப்பதற்கும் முன்னாலேயே. தேவைக்கு மேல் சத்தமாக. மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் பின்னால் நின்ற பெண்களும் பார்த்தார்கள்.

ரூபாய்க்குச் சில அணா வீதம் தவணை தவணையாகக் கிடைக்கும் என்றார்கள். முதல் தவணை வருவதற்குள் வாடகை பாக்கி சேர்ந்துவிட்டது. நான் கொடுத்துப் பார்த்தேன், வாங்க மறுத்தாள். மைத்துனருக்கு அவளே கடிதம் போடச் சொன்னாள். அவர் வந்தார். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, அது தேவைப்படவில்லை. அவருடைய மைத்துனனுக்கு இன்னும் பெண் அமையவில்லை என்று மட்டும் போகிறபோக்கில் சொன்னார். நானும் போதியும் ஹௌராவில் தாயையும் குழந்தையையும் வண்டி ஏற்றிவிட்டோம். தெற்கே போகும் வண்டி கொஞ்ச நேரத்தில் சாந்த்ராகாச்சியைத் தாண்டும். குழந்தை ஜன்னலில் உட்கார்ந்து போதியிடம் வங்காளியில் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகும் புதிதாக வந்த மதராஸிகளை என்னிடம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். தூண் உள்ள வங்கியையே சொன்னேன். விதிகளையும் சொன்னேன். கூடவே, வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உங்கள் பெயரை உரக்கச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். உள்ளே திரும்பி, கேட்டாயா என்பார்கள். உள்ளேயும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.