வாத்தியாரின் இடது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்கு மற்றவர்களைப் போல இரண்டு கால்கள்தான். ஆனால் உழைப்பது ஒன்றுதான், இடது கால். புதுச் செருப்பு வாங்கினால் மூன்றே மாதத்தில் இடது செருப்பு தேய்ந்து தகடாகிவிடும். வலது செருப்பு கடையிலிருந்து வந்த மேனிக்குப் பளபளக்கும். முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தக் கால் தானாக நீண்டு, தரையை ஒரு மிதி மிதித்து, மெல்ல மேலே வரும். தூக்கத்திலும் இதே கூத்துதான். கட்டிலின் கால்மாட்டுப் பலகை விரிசல் விட்டிருப்பதை அவர் மனைவி வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுவார்.

பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்தது. நம் வாத்தியாருக்கோ எஞ்சின் உதறிக்கொண்டு டக்கென்று ஆஃப் ஆகிற சத்தம்தான் பெரிய ஆபத்து. அதைக் கேட்டால் அவருக்கு உயிரே போய்விடும். படிக்கிறவர் கிளட்சை வெடுக்கென்று விட்டால், கார் குலுங்குவதற்கு முன்பே வாத்தியாரின் கால் பாய்ந்துவிடும். கார் பூப்போல நகரும். "பிரமாதம்! இதேதான்!" என்று தட்டிக்கொடுப்பார். மனுஷர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கால் செய்கிற வேலை தலைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இருபது வருஷத்தில் அவரிடம் படித்த ஒருவர்கூடத் தேர்வில் தோற்றதில்லை. எப்படித் தோற்பார்கள்? தேர்வும் அதே காரில்தான். பக்கத்தில் அதே வாத்தியார். அதிகாரி பின் சீட்டில் உட்கார்ந்து தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கித் தந்தது அந்த ஒற்றைக் கால்தான்.

இந்தக் காலிடம்தான் சம்பந்தியம்மாவும் வந்து மாட்டினார். வாத்தியாரின் மருமகனைப் பெற்றவர். வயது ஐம்பத்துமூன்று, நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷமாக ஓடி ஓடி அலுத்தவர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டுக்கே போய்க் கவனிக்க ஒரு நர்ஸ் வேண்டும், காரை நாங்களே தருகிறோம் என்று ஆஸ்பத்திரி அறிவித்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டவேண்டும்; இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"வார்டுல நாப்பது பேரு. ஊசி போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள மூஞ்சி மறந்துடுது சம்பந்தி," என்றார் முதல் நாள். "ஒருத்தர் பக்கத்துல உக்காந்து, என்ன ஏதுன்னு கேட்டு வேல பாக்கணும். ரிட்டயர் ஆறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் அப்படிப் பாக்கணும்."

அதைக் கேட்டு வாத்தியாருக்கு மனசு இளகிவிட்டது. அதோடு பெண்ணைக் கொடுத்த இடம் வேறு. முன்பின் தெரியாதவர்களுக்கே ஓடி ஓடி உதவுகிற கால், சம்பந்தியம்மாவைத் தவிக்க விடுமா? ஏழு வாரம் அந்தக் கால் கிளட்சைவிட்டு இறங்கவே இல்லை. சம்பந்தியம்மாவின் பெருமையோ தாங்க முடியவில்லை. "உங்கப்பா சொல்லிட்டாரும்மா, என்ன மாதிரி நிதானமா கிளட்ச் விடுற ஆளை அவரு பாத்ததே இல்லியாம்," என்று மருமகளிடம் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஏழாவது வாரம்தான் மேலிடத்திலிருந்து புது உத்தரவு வந்தது. இனிமேல் தேர்வு மைதானத்துக் காரில்தான் தேர்வு. பக்கத்தில் இரண்டாவது கிளட்ச் கிடையாது. வாத்தியார்கள் வேலிக்கு வெளியே நிற்கவேண்டும். முதல் நாள் நம் வாத்தியாரின் ஆட்கள் ஏழு பேர் போனார்கள். ஆறு பேருக்குக் கார் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. ஏழாவது ஆள் கொஞ்சம் நகர்ந்தார், பின்பக்கமாக.

"அவங்க வண்டி சரியில்ல," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்த வாத்தியார், மறுநாள் தன் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டார். கிளட்ச் பிளேட் மறுபடியும் போய்விட்டது. நாலு மாதத்துக்கு ஒரு முறை போய்விடும். மெக்கானிக் கருகிப்போன பிளேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு ஓட்டுறது சார்?"

"படிக்க வர்றவங்க. பல பேரு ஓட்டுவாங்க."

"படிக்கிறவங்கன்னா சடக்குன்னு விடுவாங்க, வண்டி நின்னுடும். நின்ன வண்டில பிளேட்டு தேயாது. இது பாதி மிதிச்சு மிதிச்சே தேய்ச்சது. எந்நேரமும் ஒருத்தர் பெடல் மேலயே கால வச்சிருக்காரு. முழுசா மிதிக்கறதும் இல்ல, முழுசா விடறதும் இல்ல." சொல்லிக்கொண்டே மெக்கானிக் கீழே குனிந்து பார்த்தார். தரையில் கிடந்த பலகையின் நுனியை வாத்தியாரின் இடது கால் பாதி அமுக்கிக்கொண்டிருந்தது. "சார், அந்தக் கால கொஞ்சம் எடுங்க."

வாத்தியார் தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்தார். சம்பந்தியம்மாவின் தேர்வுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

"போய் உண்மையச் சொல்லிடுங்க," என்றார் மனைவி.

"என்னன்னு சொல்றது?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியாது, இத்தன நாளும் நான்தான் ஓட்டினேன்னு."

"சம்பந்திகிட்டயா? நம்ம பொண்ணு அங்க வாழணும்டி!"

ஆனாலும் போனார். காபி குடித்தார். கால் வலிக்கு நல்ல தைலம் எது என்று விசாரித்தார். இன்னொரு காபி குடித்தார். வாசலில் இரண்டு முறை திரும்பி நின்று, தொண்டையைக் கனைத்து, "அப்ப வரட்டுமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சொன்னீர்களா என்று மனைவி கேட்டதற்கு, "அவங்க வீட்டுக் காபி நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மறுநாள் காலை வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். காரில் ஏறியதும் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சம்பந்தியம்மா கியரைப் போட்டார், கிளட்சை விட்டார். கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி துள்ளியது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். பதினான்கு முறை.

"ஒர்க்‌ஷாப்புல எதையோ கெடுத்து வச்சிருக்காங்க சம்பந்தி," என்ற சம்பந்தியம்மா அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார். "அது என்ன, சாமியார் மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"கால்ல... ஒரு பிடிப்பு."

இதைத்தான் அவர் ஒரு நர்ஸிடம் சொல்லியிருக்கக்கூடாது. சம்பந்தியம்மா ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிச் சுற்றி வந்து, கதவைத் திறந்தார். "நீட்டுங்க" என்ற குரலில் வார்டு முழுக்க இருந்தது. வாத்தியார் நீட்டினார். சம்பந்தியம்மா இடது கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், கருங்கல். வலது காலையும் அழுத்தினார், மாவு. மறுபடி இடது. மறுபடி வலது. அப்புறம் அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. வாத்தியார் பக்கத்துக் கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு மின்னியது. தான் மிதித்த பெடலை எட்டிப் பார்த்தார். ரப்பரில் வரிகள்கூட அழியவில்லை.

"ஏழு வாரம்," என்றார் சம்பந்தியம்மா. "ஏழு வாரமா நான் ஸ்டீயரிங்க மட்டும் திருப்பிக்கிட்டு இருந்திருக்கேன். அப்படித்தானே?"

வாத்தியார் இரண்டு கால்களையும் சீட்டுக்கு மேலே இழுத்துக்கொண்டார். "சம்பந்தி, வண்டி ஆஃப் ஆகுற சத்தம்... என்னால தாங்க முடியல. நீங்க சங்கடப்படுவீங்களேன்னு..."

"எனக்கு அந்த வேல வேணும் சம்பந்தி." அவர் குரல் உடைந்தது. கோபத்தைவிட அது வாத்தியாரை அதிகம் சுட்டது. "புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு ஊசி போட நான்தான் சொல்லிக்குடுக்கிறேன். அதுங்க கை நடுங்கும். படுத்திருக்கறவரு என்னையே பாப்பாரு, நீயே போட்டுடேன்னு. நான் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்குவேன். எனக்கு மட்டும் கஷ்டமா இல்லன்னு நெனச்சீங்களா?"

அன்றிலிருந்து பாடம் தலைகீழானது. சம்பந்தியம்மா ஓட்டுவார், வாத்தியார் சம்மணம் போட்டபடி வாயால் மட்டும் சொல்லுவார். அப்போதுதான் அவருக்கே ஒன்று தெரிந்தது. கிளட்சை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர் இதுவரை ஒருவருக்கும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "கொஞ்சமா விடுங்க... இன்னும் கொஞ்சம்... எஞ்சின் சத்தம் அடங்குது பாருங்க, அங்கயே நிறுத்துங்க... இப்ப ஆக்சிலேட்டர்..." தேடித் தேடி வார்த்தை கண்டுபிடித்தார். இரண்டாம் நாள் கார் ஒன்பது முறை நின்றது. ஐந்தாம் நாள் இரண்டு. வாத்தியாருக்குக் கால் மரத்துப்போய், இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

தேர்வு நாள் வந்தது. வேலிக்கு வெளியே ஊரிலுள்ள வாத்தியார்கள் பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். மேட்டில் பாதி ஏறி, நிறுத்தி, பின்னால் சரியாமல் மறுபடி கிளம்பவேண்டும். அதுதான் கண்டம். ஒருமுறை ஆஃப் ஆனால் மன்னிப்பு உண்டு, இரண்டாவது முறைக்குக் கிடையாது. சம்பந்தியம்மாவின் கார் மேட்டில் ஏறி நின்றது. கிளம்பியது. குலுங்கி ஆஃப் ஆனது. வேலி ஓரத்தில் பதினோரு இடது கால்களும் ஒரே நேரத்தில் மண்ணை மிதித்தன. நம் வாத்தியார் மிதித்த இடத்தில் மண்ணே உள்வாங்கியது.

மறுபடி ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் சத்தம் கொஞ்சம் அடங்கியது. "அங்கயே நிறுத்துங்க, அங்கயே," என்று வாத்தியார் வேலிக் கம்பியிடம் கெஞ்சினார். கார் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் இஞ்ச் இஞ்சாக மேடேறி, அந்தப் பக்கம் இறங்கிப்போனது. வாத்தியார் பக்கத்தில் நின்ற போட்டிப் பள்ளி வாத்தியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பத்து வருஷமாக இரண்டு பேரும் பேசுவதில்லை.

லைசென்ஸ் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட சம்பந்தியம்மா, "சாவியக் குடுங்க, ஆஸ்பத்திரியில காட்டிட்டே போயிடுவோம்," என்றார். பயிற்சிக் காரை அவர் ஓட்ட, வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தார். இனிப் பாடம் முடிந்ததே என்று கால்களைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டார்.

பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்து பச்சை வந்தது. கார் துள்ளியது, நின்றது. பின்னால் ஒரு பஸ் அலறியது. அதற்குப் பின்னால் ஒரு லாரி. எவனோ கதவைத் திறந்து இறங்கித் திட்டவே ஆரம்பித்தான். வாத்தியாரின் இடது கால் பெடலுக்கு மேலே வந்து நின்றது. ஒரே ஒரு மிதி. யாருக்கும் தெரியாது, இரண்டு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அவர் இரண்டு கைகளையும் கோத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா பக்கத்தில் திரும்பவே இல்லை. சாவியைத் திருப்பினார், கியரைப் பார்த்துக்கொண்டார், மெதுவாக, மிக மெதுவாகக் கிளட்சை விட்டார்.

கார் சந்திப்பைத் தாண்டியது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் சம்பந்தியம்மா குனிந்து ஜன்னல் வழியாக, "ரொம்ப நன்றி சம்பந்தி," என்றார்.

"எதுக்கு?"

"சிக்னல்ல சும்மா இருந்ததுக்கு."