எதிராளி கையில் பாவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டு சூலைத் திங்கள் பதினான்காம் நாள், காலை ஒன்பது மணிக்குக் கோதண்டபாணி முதன்முதலாகக் குப்புசாமியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சற்றும் வளையாத முதுகு. வணக்கம் சொன்ன கையோடு, வீட்டில் தறி எத்தனை என்று கேட்டார். வந்திருப்பவர் வரி அதிகாரிதான் என்று குப்புசாமி முடிவு கட்டிவிட்டார்.

“ஒண்ணுதாங்க. அதுவும் பாதி நாளு தூங்கினு இருக்குது.”

பின்கட்டில் மூன்று தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர் ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு, ஒன்று என்றே குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அவர் வரி அதிகாரி அல்லர் என்பது அன்று மாலை முனுசாமியின் டீக்கடையில் தெரிந்தது. பக்கத்து ஊரான முசரவாக்கத்து உழவர் குடும்பத்துப் பிள்ளை. பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஐக்கிய நாடுகள் சபையின் நீலத் தொப்பியை அணிந்து காங்கோவில் அமைதி காத்தவர். இப்போது சென்னையில் மாலைக் கல்லூரி ஒன்றில், ஏழை நாடுகளின் வளர்ச்சியைச் சிறப்புப் பாடமாக எடுத்து எம்.ஏ. படிக்கிறார். ஆய்வேட்டுக்கு நெசவாளர் குடும்பங்களைப் பற்றி எழுத வேண்டும். அதற்காக நெசவுத் தெருக்கள் நிறைந்த இந்தப் பிள்ளையார்பாளையத்திலேயே ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். மனைவி ரேணுகாம்பாள் ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டாள்.

சில நாளிலேயே தெரு அவருக்கு ‘மிலிட்டரியார்’ என்று பெயர் வைத்துவிட்டது. ஒருநாள் டீக்கடையில் குப்புசாமி வாயைக் கொடுத்துப் பார்த்தார்.

“ஏன் மிலிட்டரியாரே, பொண்ணுக்கு மாப்ள தேடற வயசுல நீங்க பரிச்ச எழுதினு இருக்கறீங்களே?”

கோதண்டபாணிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. டீயை ஆற்றியபடியே பதில் சொன்னார்.

“காங்கோவுல ரெண்டு ஊருக்கு நடுவுல ஒரு கெணறு. ஆறு மாசம் அங்க நின்னு சண்டைய நிறுத்தினோம். நாங்க லாரி ஏறின மறுவாரமே திரும்பவும் வெட்டிக்கினாங்க. எனக்கு நிறுத்தத் தெரிஞ்சுது. அப்பறம் என்ன செய்யணும்னு தெரியல. அதான் படிக்கிறேன்.”

“அதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குதா?”

“இருக்குதுன்றாங்க. முடிச்சாத்தான் தெரியும்.”

முடிப்பதற்கும் ஒரு கெடு இருந்தது. வெளிநாடுகளில் கிணறும் சாலையும் சந்தையும் அமைக்கும் நிவாரண அமைப்பொன்று ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் சேர எம்.ஏ. பட்டம் வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. படித்ததைச் செய்து பார்க்க அவருக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. இது தெருவில் அனைவரும் அறிந்த செய்தி.

அந்தத் தெருவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தறியில் ஏற்றப்போகும் நீள இழைகளான பட்டுப்பாவை, இருமுனையும் கழியில் கோத்துத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் உலர்த்திச் சுருட்ட வேண்டும். தெருவின் அகலத்தில் ஒரு பாவுதான் தாராளமாக நிற்கும். ஆகவே ஒருநாள் கீழ்வரிசை வீடுகளின் முறை, மறுநாள் மேல்வரிசையின் முறை. குப்புசாமி கீழ்வரிசை. அவருடைய பங்காளியும் மூத்தவருமான வேலாயுதம் மேல்வரிசை.

மறு ஆண்டு ஆடியில், குப்புசாமியின் முறை நாளன்று விடியலில் மழை கொட்டியது. பாவு போட முடியவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குத் தர வேண்டிய புடவைகள் தலைக்குமேல் நின்றன. மழை தின்ற முறை மறுநாளுக்குச் செல்லும் என்பது குப்புசாமியின் கட்சி. மழை உன் தலையெழுத்து, இன்று என் முறை என்பது வேலாயுதத்தின் கட்சி. கட்டுப்பாட்டை வகுத்த பெரியவர்கள் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே மறுநாள் விடியலில், நெசவுத் தொழில் செய்யும் செங்குந்தர் தெரு எதுவும் அதுவரை கண்டிராத வகையில், ஒரே தெருவில் இரண்டு பாவுகள் தோளுரசி நின்றன. இருவருமே போட்டிக்குக் கஞ்சியையும் தடவிவிட்டார்கள்.

ஆறரை மணிக்கு ஆடிக்காற்று எழுந்தது. ஈரப்பாவுகள் இரண்டும் ஊசலாடி, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. அப்படியே காய்ந்தால் இருவர் பட்டும் குப்பைதான். ஆனால் முதலில் கழியைத் தளர்த்துகிறவன் தவற்றை ஒப்புக்கொண்டவன் ஆவான். பாவின் முனைகளில் கழியைப் பிடித்திருந்த இருதரப்பு ஆட்களும் வாய்ச்சண்டையில் இறங்கியிருந்தார்கள். குப்புசாமியின் மைத்துனன் வேட்டியை மடித்துக் கட்டியும் விட்டான்.

அந்த நேரத்தில்தான் கோதண்டபாணி மாடியிலிருந்து இறங்கினார். காலணி பளபளத்தது; கையில் ஆய்வேடு வைத்த பை. பதினொரு மணிக்குச் சென்னையில் அவருக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் வெளியூரிலிருந்து அந்த ஒரு நாளுக்கென வந்திருந்தார். ஏழு மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும்.

அவர் தெருவை ஒருமுறை பார்த்தார். பையை முனுசாமியின் கடைப்பலகையில் வைத்தார். யார் முறை என்று அவர் கேட்கவே இல்லை. கஞ்சி காய எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டார். இந்தக் காற்றுக்கு அரைமணி தாங்காது என்றார் குப்புசாமி.

“அப்ப கழிய மாத்திப் புடிங்க. அவரு பாவ உங்க ஆளுங்க, உங்க பாவ அவரு ஆளுங்க.”

வேலாயுதம் சீறினார். “எம் பாவ அவங்கிட்ட குடுக்கறதா? பூனைய பாலுக்குக் காவல் வெச்ச கதையா இருக்குதே.”

“அவரு பால் உங்ககிட்ட இருக்குமேண்ணா. அவரு நக்கினா நீங்களும் நக்குங்க.”

மேல்வரிசையில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் இறுக்கம் ஒரு பிடி தளர்ந்தது. கழிகள் கை மாறின.

வேலாயுதத்தின் பாவு தம் கைக்கு வந்ததும் குப்புசாமிக்கு ஒன்று விளங்கியது. சுண்டி இழுக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் எதிரே தம்முடைய பட்டு அண்ணன் கையில் இருந்தது. பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார். இருவரிசைப் பெண்களும் குனிந்து இழையிழையாகப் பிரிக்கலானார்கள். நடுவில் நின்ற கோதண்டபாணி, எந்த இழை எந்தப் பக்கம் என்று கைகாட்டி, பூசல் எழுந்த இடத்தில் எல்லாம் போய் நின்றார். ஒருமுறை பையை எடுக்க நகர்ந்தார். அந்த இடைவெளியிலேயே இழை அறுந்ததென்று இருபக்கமும் குரல் உயர்ந்தது. திரும்பி வந்தார்.

தெருமுனையில் பேருந்து ஒலி எழுப்பிக் கடந்தது. கோதண்டபாணி ஒரே ஒருமுறை அந்தப் பக்கம் தலையைத் திருப்பியதைக் குப்புசாமி பார்த்தார்.

இரண்டு பாவும் பிழைத்தன. அறுந்த சில இழைகளை முடிந்துகொள்ளலாம். கோதண்டபாணி அடுத்த பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது தேர்வாளர் புறப்பட்டுப் போயிருந்தார். இனி அடுத்த ஆண்டுதான் என்று கல்லூரியில் கைவிரித்துவிட்டார்கள்.

செய்தி அறிந்த குப்புசாமி மறுநாள் மாடியேறினார். சொல்ல வேண்டியவற்றில் எளியதை முதலில் சொன்னார்.

“எங்க ஊட்ல ஒரு தறி இல்லீங்க. மூணு.”

“தெரியும்பா. அன்னிக்கே சத்தம் கேட்டுது. மூணாவது கொஞ்சம் நொண்டுது.”

குப்புசாமிக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

“உங்க ஒரு வருசம் எங்கிட்ட நிக்குதுங்க. எப்ப வேணும்னாலும், எது வேணும்னாலும் கேளுங்க.”

“வெச்சிக்கினு இருங்க. வேணும்போது கேக்கறேன்.”

அந்த ஆண்டு முழுவதும் அவர் அதே தெருவில் இருந்தார். எதிர்வரிசைக்காரர்தான் கழி பிடிக்க வேண்டும் என்பது அதற்குள் தெருவின் வழக்கமாகிவிட்டது. மழை தின்ற முறைக்கு என்ன செய்வது என்பதையும் அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டார்கள். கோதண்டபாணி அந்தக் கூட்டத்துக்குக்கூட வரவில்லை. எழுபத்தொன்றில் தேர்வில் தேறினார். நாற்பது நிறையச் சில வாரங்களே இருந்தபோது பணி ஆணை வந்தது. ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார்.

எழுபத்தாறாம் ஆண்டு தை மாதம் விடுப்பில் வந்தவர், ஒரு காலை தெருவுக்கு வந்தார். மகளுக்கு ஆவணியில் திருமணம் என்றார். குப்புசாமியின் நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது கேட்பார் என்று காத்திருந்தார். அன்று வேலாயுதத்தின் பாவு. கீழ்வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. கோதண்டபாணி காலணியைக் கழற்றிவிட்டுத் தாமே ஒரு முனையைப் பிடித்தார். கிணறு ஒன்று வெட்டி முடித்த கதையைச் சொன்னார். மாற்றாள் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.

“இந்த தபாவும் ஒண்ணும் கேக்காம போறாருண்ணா,” என்றார் குப்புசாமி.

கஞ்சி தடவிக்கொண்டிருந்த வேலாயுதம் நிமிரவில்லை. “கேக்கும்போது கேப்பாரு. நீ ஆட்டாம புடி. எம் பாவு.”

மகளின் முகூர்த்தப் புடவையை அவர் கூட்டுறவுச் சங்கக் கடையில், மற்றவர்களோடு வரிசையில் நின்று வாங்கிப் போனதாகப் பிறகு தெரிந்தது. அந்த ஓர் ஆண்டைக் குப்புசாமியிடம் அவர் கடைசிவரை திருப்பிக் கேட்கவே இல்லை.