சின்ன நாட்டு விமானங்களும் திறக்காத என் வாயும்

கையில் தூக்கிப் பார்க்கிற அளவுக்கு விமானம் செய்து விற்கிறது எங்கள் தொழில். விமானம் பேசாது, ஆனால் விற்கிறவள் பேசியே ஆகணும் என்பதுதான் இதில் இருக்கிற கஷ்டம்.

தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. கோப்பை, ஷீல்டு எல்லாம் உண்டு. ஆனாலும் ஆட்கள் தேடி வருவது மர விமானத்துக்குத்தான். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் அறுத்து அனுப்புவார்கள். சேகர் அண்ணன் தேய்த்து வழவழப்பாக்கிப் பலகையில் பொருத்துவார். நான் பெயின்ட் அடித்து, கொடி, எண் எல்லாம் எழுதுவேன். எட்டாவதோடு நின்றவள் நான். படிப்பு வரவில்லை, பிரஷ் வந்தது. மகள் ஜெனியை மாமியாரிடம் விட்டுவிட்டு சாந்தோமிலிருந்து பஸ் ஏறி வருகிறேன். வீட்டில் நிலையான சம்பளம் என்னுடையது மட்டும்தான்.

கவுன்ட்டரில் நின்ற பெண் வேலையை விட்டுப் போனதும் முதலாளி அண்ணாச்சி என்னை அங்கேயும் நிற்க வைத்தார். யாராவது "எக்ஸ்கியூஸ் மீ" என்றாலே பெயின்ட் டப்பாவைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொள்வேன். என்னை மாதிரிக் கூச்சக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "ஏ பிள்ள, தீபாவளி வரைக்கும் பாக்கேன். வாயத் தொறந்து யாவாரம் பேசலேன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்." வேறு ஆள் வந்தால் பிரஷும் அவள் கைக்குத்தான் போகும்.

பறக்காத பறவை

வேளச்சேரியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி. சின்னச் சின்ன நாட்டு விமானமாகச் சேர்க்கிறவர். இந்த முறை நியூசிலாந்து விமானம் வேண்டும் என்று போனில் படம் காட்டினார். அதன் உடம்பில் நீல வட்டம், உள்ளே சிவப்பில் ஒரு குண்டுப் பறவை. கோழிக்கு மூக்கு நீண்ட மாதிரி இருந்தது. இறக்கையைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம். யாரோ விளையாட்டுக்கு வரைந்த படம் என்று நினைத்து சேகர் அண்ணனிடம் காதில் சொன்னேன். அவர் தம்பியிடம் சத்தமாகவே கேட்டுவிட்டார்: "இன்னாபா, றெக்கையே இல்லாத கோழியப் போட்டுக்கினு பிளேன் ஓட்றானுங்க?"

தம்பி சிரித்தார். அது அந்த நாட்டுப் பறவையாம். நிஜமாகவே பறக்காதாம். அதைவிட ஆச்சரியம் ஒன்று சொன்னார். அந்த நாட்டுக்காரர்கள் ஒருநாள் உட்கார்ந்து யோசித்து, சண்டை போடுகிற ஜெட் நமக்கு எதுக்கு என்று அந்தப் பிரிவையே கலைத்துவிட்டார்களாம். இப்படியும் ஒரு நாடு முடிவெடுக்குமா என்று வாய் பிளந்து நின்றேன். பிளந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்பது வேறு விஷயம். விமானம் தயாரானதும் பெட்டியை வாங்க வந்த தம்பி சொன்னார்: "சண்டை பிளேன விட்டுட்டாங்கக்கா. கடல்ல தொலைஞ்சவங்களத் தேடற பிளேன விடல."

இரண்டு கடைச் சரக்கு

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வருவார்கள். மாமா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். விமானம் என்றால் பித்து. ஒரே பலகையில் மலேசிய விமானம் இரண்டு வேண்டும் என்றார்: ஒன்று ரஷ்யாவின் மிக், இன்னொன்று அமெரிக்காவின் ஹார்னெட். இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காத நாடுகள். இரண்டு பேரிடமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் போய் வாங்கியிருக்கிறது மலேசியா. மாமிக்குத் தாங்கவில்லை. "ஆத்துல மிக்ஸிக்கே இன்னொரு கம்பெனி ஜார் சேரமாட்டேங்கறது. ஏன்னா, இவா எப்படி சமாளிச்சா?"

"ஒருத்தன் கதவச் சாத்திண்டா இன்னொருத்தன் தெறப்பான்னுதான்" என்றார் மாமா. "அதுவும் ரஷ்யாக்காரனுக்கு வெலையில ஒரு பங்கப் பாமாயிலாவே குடுத்தான்னு படிச்சேன்."

எனக்குக் கையிலிருந்த பிரஷ் நின்றுவிட்டது. ரேஷன் கடையில் நான் பையை நீட்டி வாங்குகிற அதே பாமாயில். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அந்தப் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது கொஞ்சம் மரியாதையாகத்தான் கத்தரித்தேன். கடையில் சேகர் அண்ணன் அப்போதே தேய்க்கிற தாளைக் கீழே வைத்துவிட்டு மாமாவிடம் சொன்னார்: "அப்ப நம்ம ரேஷன் கடை அண்ணன் அமுக்கற பாமாயிலுக்கு அவரு வூட்டுப் பின்னாடி இந்நேரம் ஏர்போர்ட்டே இருந்திருக்கணுமே, சாமி!"

வானம் போதாத ஊர்

சிங்கப்பூரிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு தமிழ் அம்மா. மகன் அங்கே படையில் கட்டாயச் சேவை செய்கிறானாம், அவனுக்கு ஒரு விமானம். பணக்கார ஊர் ஆயிற்றே, விமானத்துக்கா பஞ்சம்? இல்லை, பஞ்சம் வானத்துக்குத்தானாம். அதனால் ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வெளிநாடுகளில் விமானங்களை நிறுத்தி வைத்துப் பழகுகிறார்களாம். பிள்ளைகள் ஓடி விளையாட இடமில்லாமல் மொட்டை மாடிக்கு ஏறுகிற எங்கள் குடியிருப்பு எனக்கு ஞாபகம் வந்தது. வானமும் அப்படிப் போதாமல் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதையெல்லாம் அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் தலையை மட்டும் ஆட்டினேன். அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. நான் ஒன்றும் கேட்காததால் அந்த அம்மா தானாகவே முடித்தார்: "எங்க ஊருல மேல ஏறி ஒரு திருப்பு திருப்பறதுக்குள்ள அடுத்த நாடு வந்துடும்லா."

ஒன்றும் மூன்றும்

கடைசியாக வந்தவர் ஒரு வெளிநாட்டு அதிகாரி. தாம்பரம் பக்கம் பயிற்சிக்கு வந்தவர், மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார். கடலில் பொட்டுப் பொட்டாகத் தீவுகள் இருக்கிற ஒரு சின்ன நாடு. தன் தளபதிக்குப் பரிசு என்று போனில் ஒரு போட்டோ அனுப்பி ஆர்டர் கொடுத்திருந்தார். படைக்காரர்கள் என்றால் எங்கள் கடையில் மூன்று விமானம்தான், ஒரே பலகையில், அம்பு முனை மாதிரி. ஒன்றா மூன்றா என்று யாரும் கேட்கிற வழக்கமில்லை. போட்டோவில் ஒரு விமானம், வாலில் ஓர் எண். மற்ற இரண்டுக்கும் அடுத்தடுத்த எண்களை நானே எழுதினேன்.

அதிகாரி பெட்டியைத் திறந்தார். மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு கூட வந்த டாக்ஸி டிரைவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டிரைவர் என் பக்கம் திரும்பினார். "இன்னாமா பண்ணி வெச்சிக்கீற? அவுங்க நாட்டுப் படையில மொத்தமே ஒரு பிளேன்தான் கீதாம்!"

"போச்சு" என்றார் அண்ணாச்சி. "சேகரு, அந்த ரெண்டையும் புடுங்கு." பிடுங்கினால் பலகையில் இரண்டு ஓட்டை தெரியும். புதுப் பலகைக்கு நேரமில்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் தீபாவளி அன்றைக்கே வந்துவிட்டது.

எனக்கோ அந்தப் பார்வைகூட உறைக்கவில்லை. ஒரு நாட்டுக்கே ஒரு விமானம்! அதிலேயே மனசு நின்றுபோயிற்று. எப்படி வந்ததோ தெரியாது, வாய் தானாகத் திறந்தது. "சார், அது ரிப்பேர் ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

டிரைவர் அதை இங்கிலீஷாக்கினார். அதிகாரி கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். ஜெட் வாங்கலாம் என்றும் அங்கே பேச்சு இருந்ததாம். அணிவகுப்பில் அழகாக இருக்குமே. ஆனால் இந்தக் குண்டான விமானம்தான் ஒவ்வொரு தீவிலும் புல்தரையில் இறங்கும், நோயாளியைப் படுக்க வைத்துத் தூக்கிப் போகும் என்று இதையே எடுத்தார்களாம். இது ரிப்பேர் ஆனால் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு படகுக்காக உட்கார்ந்திருக்க வேண்டியதுதானாம்.

"பிரசவ வலின்னா?" என்றேன். அவர் போனை எடுத்து ஒரு குட்டிப் பெண்ணின் படத்தைக் காட்டினார். அவர் மனைவியை வலியோடு பெரிய தீவுக்குக் கொண்டுபோனது இந்த விமானம்தானாம். நானும் ஜெனி படத்தைக் காட்டினேன். அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த ரெண்டையும் எடுத்துடட்டுமா, சார்?" என்று நானே கேட்டேன். அதிகாரி மூன்று விமானத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். டிரைவர் குரலே மாறிப்போயிற்று: "ஒண்ணியும் புடுங்காதமா. அவுங்க வானத்துல ரெண்டு கூட சேந்து பறந்தது இல்லியாம். தளபதி மேசை மேலயாவது மூணு பறக்கட்டும்ன்றாரு."

தீபாவளிக்குள் வாயைத் திறக்காவிட்டால் வேலை போகும் என்ற அண்ணாச்சி, வருகிற ஒவ்வொருவரிடமும் உங்கள் நாட்டில் எத்தனை விமானம், ஏன் இதை வாங்கினீர்கள் என்று நான் கேட்கத் தொடங்கியதும், பொங்கலுக்குள் அந்த வாயைக் கொஞ்சம் மூடச் சொல்லியிருக்கிறார்.