இறக்கிவிடாத பிள்ளை

கப்பலிலிருந்து மற்றவர்களையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டு, சித்தப்பா மகன் சக்கரவர்த்தியின் பிள்ளையை மட்டும் கடைசிவரை அதிலேயே வைத்திருந்தார் காத்தவராயன். இந்த ஒரு காரியத்துக்காக சக்கரவர்த்தி அவரோடு ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணம், கருமாதியில் எதிர்ப்பட்டால் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டான். பெரியப்பா மகனை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிய வாய்தான். அந்த ‘சார்’ காறித் துப்பியது போல விழும்.

காத்தவராயன் களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவரின் பிள்ளை. உதவித்தொகையில் படித்துக் கப்பல் இன்ஜினியராகி, கொஞ்ச காலம் கடலில் இருந்தார். பிறகு சர்க்கார் வேலைக்கு வந்துவிட்டார். துறைமுகத்துக்கு வருகிற சரக்குக் கப்பலில் ஏறிப் பார்த்து, இது கடலில் போகலாமா கூடாதா என்று சொல்கிற வேலை. ஆரணியில் அதை யாருக்கும் விளக்க முடியாது. சக்கரவர்த்திதான் டீக்கடையில் விளக்குவான்.

“லாரிக்கு எஃப்.சி. பாக்கிறான் இல்ல? அண்ணன் கப்பலுக்குப் பாக்குது.”

“அப்ப கவனிப்பும் கப்பல் சைஸ்ல இருக்கும்” என்று எவனாவது கண்ணடிப்பான்.

“அது ஓசி டீ கூடக் குடிக்காது, போய்யா.”

அப்போது அதில் அவனுக்குப் பெருமை.

உண்மையும் அதுதான். ஆபத்தில் ஆட்கள் ஏறித் தப்பிக்கிற படகு துருப்பிடித்து இறங்காது. தீயணைக்கிற பம்ப்பில் தண்ணீர் வராது. அப்படிப்பட்ட கப்பலைக் காத்தவராயன் விடமாட்டார். மேலேயிருந்து போன் வரும். அப்போதும் விடமாட்டார். அடுத்து மாற்றல் வரும். அவர் மனைவி கற்பகம் பாதிப் பாத்திரங்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை.

சக்கரவர்த்தியின் மகன் அன்பரசு, பெரியப்பாவைப் பார்த்துத்தான் கப்பலுக்குப் போனான். ஏதோ ஒரு நாட்டுக் கொடி கட்டிய கிழட்டுக் கப்பல், டெக்கில் எடுபிடி வேலை. அந்தக் கப்பல் பெரியப்பா இருந்த துறைமுகத்துக்கே வந்தது. சக்கரவர்த்தி சந்தோஷமாகப் போன் போட்டான்.

“அண்ணே, நம்ம புள்ள அதுலதான் வந்துகினு இருக்கான். கொஞ்சம் பாத்துக்க.”

“சரி” என்றார். மறுநாளே ஏறிச் சோதித்துக் கப்பலை நிறுத்திவிட்டார்.

அதற்காக சக்கரவர்த்தி கோபப்படவில்லை. மொட்டை டயரில் லாரி ஓட்டியவன் அவன். அந்த ஆபத்து அவனுக்குத் தெரியும். வினை அதற்குப் பிறகு வந்தது. ரிப்பேர் செய்ய மனமில்லாத முதலாளி கப்பலையும் ஆட்களையும் சேர்த்துக் கைகழுவிவிட்டான். நங்கூரம் போட்ட கப்பலை ஆளில்லாமல் விட முடியாது, காற்றடித்தால் கரையில் வந்து மோதும். அதனால் காவலுக்குக் கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பலாம் என்று உத்தரவானது. யார் போவது, யார் இருப்பது என்று முடிவு செய்யவேண்டியவர் காத்தவராயன்.

இரண்டு மூன்று பேராக இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அன்பரசு மேலே நின்று டாட்டா காட்டினான். ஆள் குறையக் குறைய மூன்று பேர் வேலையை ஒருவன் பார்க்கவேண்டியதாயிற்று. காற்றடித்த ஒரு நாள், நங்கூரச் சங்கிலியை இழுக்கிற மெஷினில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போனது. அதன் பிறகுதான் மிச்சம் இருந்தவர்களோடு அவனும் கரைக்கு வந்தான்.

இப்போது செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. கல்யாண வீட்டுக்கு வந்தால் பந்தியில் உட்காரமாட்டான். எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் சமையல்கட்டில் நின்றுகொண்டு ஸ்பூனால் சாப்பிடுவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் சக்கரவர்த்திக்கு வயிறு எரியும்.

ரிட்டயராகி ஆரணிக்கே வந்தார் காத்தவராயன். வந்த சூட்டில் இரண்டு கிட்னியும் போனது. ரத்தம் சுத்தம் செய்ய அடிக்கடி வேலூர் போகவேண்டும். சக்கரவர்த்தி லாரியை விற்றுவிட்டு வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். கற்பகம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“வேற வண்டியில போனா குலுக்கல் தாங்க மாட்டேங்கறாரு, தம்பி.”

ஒத்துக்கொண்டான். பாசமெல்லாம் இல்லை. ஆள் போய்ச்சேர்வதற்குள் அவர் வாயாலேயே ஒரு பதில் வரவேண்டும், அவ்வளவுதான்.

“இன்னா சார், வண்டிய செக் பண்ணிட்டு ஏறுறீங்களா?”

“பின் டயர் தேஞ்சிருக்கு.”

“தேஞ்சா தேயுது. நான் யாரையும் நடுவுல வுட்டுட்டுப் போனதில்ல.”

காத்தவராயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணமங்கலம் தாண்டியதும் சக்கரவர்த்தி மறுபடி ஆரம்பித்தான்.

“என் புள்ளைய ஏன் முன்னாடியே இறக்கல?”

“கப்பல்ல இத்தினி பேர் இருக்கணும்னு சட்டம்.”

“அந்தச் சட்டத்துல அன்பரசுன்னு பேர் போட்டிருந்துதா?”

எத்தனையோ நாள் இதே கேள்வி, இதே ஜன்னல்.

ஒரு நாள் திரும்பி வரும்போது வாந்தி எடுத்தார். சக்கரவர்த்தி வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் ஊற்றி வாயைத் துடைத்துவிட்டான். புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு அவராகவே சொன்னார்.

“முதல்லயே இறக்கியிருக்கலாம். எல்லாரையும்விட சின்னவன். அவன் இல்லாட்டியும் வேலை நடந்திருக்கும்.”

“அப்புறம் இன்னாத்துக்கு வெச்சிருந்தே?”

“சொந்தக்காரனுக்குச் செஞ்சுட்டான்னு சொல்லுவானுங்க. மூட்டை தூக்கினவன் மவன் எப்ப சறுக்குவான்னு பாத்துகினே இருந்தானுங்க, சக்ரா. அந்தப் பேச்சுக்குப் பயந்துட்டேன்.”

“வெரல் போன அன்னிக்கு?”

“விசாரணை வந்தா என் பேர் வருமான்னுதான் மொதல்ல நெனச்சேன். அதுக்கப்புறம்தான் அவன் கை.”

கேட்க நினைத்தது ஒருவழியாகக் காதில் விழுந்துவிட்டது. நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தான், ஆறவில்லை. அவர் வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று தெரிந்ததும் முன்னைவிட அதிகமாக எரிந்தது. கை ஓங்கலாம் என்றால் எதிரே இருந்தது எலும்பும் தோலும். “ஏறு” என்றான்.

அடுத்த வாரமே படுத்த படுக்கையானார். கூப்பிட்டனுப்பியதும் சக்கரவர்த்தி போய்க் கட்டிலோரம் நின்றான். உட்காரவில்லை. கற்பகத்தை வெளியே போகச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார் காத்தவராயன்.

“நான் போனா பஸ் ஸ்டாண்டாண்ட பேனர் வெப்பானுங்க. கற்பகம் போட்டோகூடக் குடுத்துட்டா.”

“வெக்கட்டும். அதுக்கு நான் இன்னா பண்ணணும்?”

“பேரும் போட்டோவும் இருக்கட்டும். நேர்மையான அதிகாரின்னு போட்டிருந்தானுங்கன்னா, அந்த இடத்த மட்டும் கிழிச்சுடு. மத்தவனுக்குக் கை கூசும். உனக்குக் கூசாது. நீ செய்.”