நெய்மீன் ஆறட்டும்

சாப்பாட்டுக்கு முன் எங்கள் அப்பா செய்யும் ஜெபம் பாளையங்கோட்டையில் சொந்தபந்தங்கள் நடுவே பெயர்போனது. மழையில் தொடங்கி, பரீட்சை எழுதும் பிள்ளைகள் வழியாக, பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலி வரை போய்விட்டுத்தான் ஆகாரத்துக்கு வருவார். அதற்குள் குழம்பு ஆறி ஆடை கட்டிவிடும். பசியில் நாங்கள் முணுமுணுக்கும் 'ஆமென்' அவருக்குப் போதாது. "கேக்கலையே" என்பார். இன்னொரு தடவை சொன்னால்தான் சோற்றில் கை வைக்கலாம்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டது, பேச்சுதான் இடறியது. பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் நாலு பேர் நடுவில் பேசிப் பழகச் சொன்னார். அப்பாவோ வெட்கப்பட்டுக்கொண்டு சர்ச்சுக்குக்கூட வரவில்லை. வீட்டில் அம்மா இரண்டே வரியில் ஜெபத்தை முடித்தாள். எட்டு மாதம் சுடச்சுடச் சாப்பிட்டோம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஒரு வாய்கூட ருசிக்கவில்லை.

அப்பாவின் பிறந்தநாளுக்குக் கன்னியாகுமரியில் மீன் சாப்பாடு சாப்பிடலாம் என்று தம்பி கூப்பிட்டான்.

"தெரிஞ்சவங்க... யாரும்... இருக்க மாட்டாங்கல்லா?" என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா காரில் ஏறினார்.

கடற்கரைக்குப் பக்கத்தில் 'ஏசி குடும்ப அறை' என்ற பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தது அம்மாதான். முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். அவள் முன்னால் நடந்தால் நாங்கள் வரிசையாகப் பின்னால் போவோம். உள்ளே விளக்கு மங்கலாக இருந்தது. பக்கத்து மேசையில் மூன்று பேர் கண்ணாடித் தம்ளர்களோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, பாத்தியா? எல்லாருக்கும் சீரகத் தண்ணி குடுக்கான். சுத்தமான கடை" என்றாள் அம்மா.

அந்தச் சீரகத் தண்ணீரில் போட ஐஸ் கட்டியும், கூடவே சுண்டலும் வந்ததைப் பார்த்ததும் நாங்கள் நுழைந்தது பார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா ஆயுசில் பார் வாசலை மிதித்தவர் இல்லை. தம்பியின் தொடையில் கிள்ளினேன்.

"தெரியும்க்கா" என்று அவன் கிசுகிசுத்தான். "இப்ப எழும்புனா அப்பா இனிமே வெளியவே வர மாட்டாவ. பேசாம இரு."

இன்றுவரை அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

நெய்மீன் குழம்பு ஆவி பறக்க வந்தது. அம்மா கண்ணை மூடித் தன் இரண்டு வரியை ஆரம்பித்தாள். அப்பா அவள் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நான்... பண்ணுதேன்."

"பரம... பிதாவே" என்றார். அடுத்த சொல்லுக்கு உதடுகள் மட்டும் அசைந்தன. மேசைக்கடியில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லில் அப்பா மூன்று தரம் தடுக்கி விழுந்தார், நாலாவது தரம் தாண்டிவிட்டார். பக்கத்து மேசையில் சிரிப்பு நின்றது. சோற்று வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். அப்பா மழைக்கு ஜெபித்தார். பரீட்சைப் பிள்ளைகளை விடவில்லை. மூட்டுவலிக்காரரும் வந்து சேர்ந்தார். "இங்கன... உக்காந்திருக்க... எல்லாரையும்... ஆசீர்வதியும்" என்றபோது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அந்த மூவரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் குழம்பில் ஆடை படிந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை.

ஜெபம் முடிந்தது. எங்கள் ஆமென் வெறும் காற்றாகத்தான் வந்தது. பக்கத்து மேசையிலிருந்து மூன்று குரல்கள் கூரை அதிரச் சொல்லின: "ஆமென்!"

அப்பா அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அவங்க சொன்னது... கேட்டுது" என்றார். "உங்க சத்தம்... கேக்கலையே."