அக்காவின் மாத்திரையும் முட்டை லாரியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தாள். மக்காச்சோள மாவும் கருவாட்டுத்தூளும் கலந்து தீவனம் தயாரிப்பது அவள் வேலை. கலக்க உட்கார்ந்தால் தும்மல். தும்மல் ஓய்ந்ததும் நெற்றியைப் பிளக்கும் தலைவலி. சுக்குப் பற்று போட்டும் தைலம் தேய்த்தும் அது அடங்கவில்லை. டவுன் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "முதல்ல தும்மல் வருதா, தலைவலி வருதா?" தும்மல்தான் என்றாள். உடம்பில் அரிப்பு வந்தால் கொடுக்கும் அலர்ஜி மாத்திரையையே எழுதித் தந்து, தூக்கம் வரும் என்றும் எச்சரித்தார்.

தும்மல் நின்றது. கூடவே தலைவலியும் நின்றது! அன்று முதல் வீட்டில் அதற்குப் பெயர் 'தலைவலி மாத்திரை'.

பெங்களூருக்கு முதல் முழு லோடு முட்டை ஏற்றிய நாளில் நானும் அங்கிருந்தேன். பண்ணையே கல்யாண வீடு போல இருந்தது. அக்காவின் கணவர், என் மச்சான்தான் லாரி டிரைவர். காலையில் சாப்பிடாமல் வெயிலில் வண்டி ஓட்டி வந்திருந்தார். தார்ப்பாய் கட்டி முடித்ததும் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்ள, தலவலி மண்டையப் பொளந்துச்சு. உங்கக்கா மாத்திரையப் போட்டேன். இப்ப சொகமா இருக்குது!"

சொல்லும்போதே பெரிய கொட்டாவி. வண்டி நகர்ந்தது. பண்ணை கேட் பக்கம் திரும்ப வேண்டியது, நேராகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் போயிற்று. அக்கா கத்திய கத்தலில் மச்சான் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. படியில் தாவி ஏறியவள் சாவியைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏனுங்க மாமா, எத்தன போட்டீங்க?"

"ரெண்டு."

"ரெண்டா! ஒண்ணப் போட்டுட்டே நான் தீவன மூட்ட மேல சாஞ்சு கெடந்தனுங்க. எறங்குங்க!"

"யாவாரி காத்துட்டு இருப்பானல்லொ?"

"இருக்கட்டுமுங்க. எனக்கு நீங்க முழுசா வரோணும்."

சாவியை மக்காச்சோள மாவு மூட்டைக்குள் புதைத்துவிட்டு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மச்சான் கயிற்றுக் கட்டிலுக்குப் போனார். படுத்ததுதான் தாமதம், குறட்டை. வெயில் தாழ்ந்த பிறகு எழுந்தவர் தலையைப் பிடித்தபடி என்னைத் தேடினார்.

"மாப்ள, தூக்கக் கெறக்கத்துல தெரியல, தலவலி போகவே இல்ல. அப்படியேதான் இருக்குது!"

அக்கா டாக்டரின் கேள்வியைக் கேட்டாள். "தும்மல் வந்துதுங்களா?"

"இல்ல."

"பட்டினியில வந்த தலவலிக்கு, கோழித் தீவனத் தும்மலுக்குக் குடுத்த மாத்திரை என்னுங்க பண்ணும்? வந்து சோறு தின்னுங்க."

இரண்டு தட்டுச் சோறும் ஒரு சொம்பு மோரும் உள்ளே போன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

மறுநாள் காலை அக்கா சாவியை வெளியே எடுத்து மாவைத் தட்டினாள். உடனே தரவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்கச் சொல்லி, கொட்டாவி வருகிறதா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. லாரி கேட்டில் ஒழுங்காகத் திரும்பியது. நான் கை தட்டினேன்.