சித்தியிடம் சொல்லாத இருமல்

வெறும் வயிற்றில் விழுங்கிய சிவப்பு மாத்திரை சற்று நேரத்தில் கசப்பு ஏப்பமாக மேலே வரும். அன்றைக்கெல்லாம் ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு "கலர்" சோடா போலப் போகும். நாலாம் வகுப்பில் இருந்த நான் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தபோது, அம்மா சிரிக்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த மாத்திரையை எனக்கு முன்பே சாப்பிட்டவள் அம்மா. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் கிராமம் எங்களுடையது. "தீப்பெட்டி ஆபீஸில்" குச்சி அடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு இருமல் நிற்காமல் போக, பெரியாஸ்பத்திரியில் சளியைச் சோதித்துக் காசநோய் என்றார்கள். மாத்திரைப் பெட்டி "பால்வாடி" டீச்சரிடம் இருக்கும். அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். எங்களோடு இருந்த சித்தியிடம்கூட, வெறும் சளி என்றுதான் அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

இருமல் அடங்கிய சமயத்தில் சித்திக்குக் கழுகுமலையிலிருந்து மாப்பிள்ளை வந்தது. பால்வாடிக்கு எதிர்வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரர்கள். "டிபி வீடு" என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், கல்யாணம் நின்றுவிடும். அம்மா அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்; மாத்திரையும் பாதியில் நின்றது. தேடி வந்த டீச்சரிடம், "புதூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன் டீச்சர், அங்கனயே ஆஸ்பத்திரில வாங்கிக்கிடுதேன்" என்று பொய் சொன்னாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மழை பெய்து கரிசல் காலில் அப்பத் தொடங்கிய நாட்களில் அம்மாவுக்கு இருமல் திரும்பி வந்தது. என் கழுத்திலும் ஒரு கட்டி எழும்பியது. இரண்டும் ஒரே நோய்தான் என்றார்கள். என் கட்டிதான் அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அந்த வயதில் நான் கழுத்தை மறைத்துக்கொண்டு திரிந்தேன். சுகாதாரத் துறையிலிருந்து வந்த ஊழியர், "உங்ககூட ஒரே வீட்டுல இருந்தவிய வேற யாரும்மா? எல்லாரையும் சோதிக்கணும்" என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "வேற யாருமில்ல" என்றாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. "எம் பிள்ளைக்குக் குடுத்துட்டேன். தங்கச்சிக்கும் குடுத்திருந்தா? மாசமா வேற இருக்கா" என்று அழுதாள்.

"சொன்னா அவ வாழ்க்கை போயிரும்ட்டி" என்றார் அப்பா.

"சொல்லலேன்னா அவளே போயிருவாளே!"

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். முந்தானையால் வாயை மூடி, ஜன்னலோரம் யார் முகத்தையும் பாராமல் வந்தாள். கழுகுமலையில் சித்தி வீட்டு முற்றத்திலேயே நின்றுகொண்டாள். எங்களைப் பார்த்து ஓடிவந்த சித்தியை, "அங்கனயே நில்லுட்டி, கிட்ட வராத" என்று தடுத்துவிட்டு, சித்தியின் மாமியாரிடம் சொன்னாள்: "அத்தை, எனக்கு டிபி. கல்யாணத்துக்கு முன்னாலயே இருந்துச்சு, மறைச்சுட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. என்னை என்ன வேணாலும் பேசுங்க; அவள மட்டும் ஆஸ்பத்திரில காட்டிருங்க."

"ஏமாத்திக் கெட்டிக் குடுத்துட்டு, இப்பம் நியாயம் பேச வந்தியோ? இனி இந்த வாசல மிதிக்காத" என்று அந்த அம்மாள் கத்தினார். சித்தப்பா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சித்தியிடம் சொன்னார்.

சித்திக்கும் இருந்தது, தொடக்கம்தான். வயிற்றுப் பிள்ளையோடு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு அவள் குணமானாள், பெண் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நாங்களும் குணமானோம். மாமியார் கோபம் ஆறி ஆள் அனுப்பியும் அம்மா அந்த வீட்டுக்குப் போகவில்லை. சித்தி பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தால், அவள் போகும் வரை அம்மா பிள்ளையைத் தொடாமல் அடுப்படியிலேயே இருப்பாள்.

அம்மா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் இப்போது இல்லை. பால்வாடியில் ஒளிந்து ஒளிந்து மாத்திரை விழுங்குகிறவர்களும் இல்லை. வீட்டுக்கே வாங்கி வந்து சாப்பிடுகிறார்கள், சோதனை முடிவும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. போன மாதம் சித்தியின் மகள் தன் கைக்குழந்தையோடு வந்து, கேட்காமலேயே அதை அம்மாவின் மடியில் கிடத்திவிட்டாள். எத்தனையோ வருடங்களுக்கு முன்பே குணமாகிவிட்ட என் அம்மா, பிள்ளையின் மேல் படாமல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடி, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"தூக்கலாமாட்டி?"